சின்ன பட்ஜெட் சண்டைப் படங்களில் மட்டும் அடி ஏன் இவ்வளவு கனமாக விழுகிறது?

ரீல்_ராசா (கேள்வி)

'தி ரெய்டு' (2011) படத்தின் மொத்தச் செலவு சுமார் 11 லட்சம் டாலர். கதை நடப்பது ஜகார்த்தாவின் ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள். நாயகன் இக்கோ உவைஸ், சண்டை பென்சாக் சிலாட் என்கிற இந்தோனேசியக் கலை. அதில் ஒருத்தன் சுவரில் போய் மோதினால் பார்க்கிறவர்களுக்கு முதுகு வலிக்கிறது. அதைப் போல நூறு மடங்கு செலவில் வரும் படங்களில் கட்டடமே இடிந்து விழுந்தாலும் மனசுக்குள் ஒன்றும் நடப்பதில்லை. தாய்லாந்தின் 'ஓங் பாக்' (2003), நேராக டிவிடிக்குப் போன 'அன்டிஸ்ப்யூட்டட்' இரண்டாம், மூன்றாம் பாகங்கள் (2006, 2010), 70, 80களின் ஹாங்காங் படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கனம் இருக்கிறது.

"நிஜமாகவே அடிக்கிறாங்க, அதான்" என்ற பதிலைத்தான் எல்லா இடத்திலும் பார்க்க முடிகிறது. அது போதவில்லை. சூட்சுமம் கேமராவிலா, எடிட்டிங்கிலா, ஒத்திகையிலா?

கேட்பதற்கு ஒரு காரணமும் உண்டு. குறும்படம் ஒன்றுக்கு 2 நிமிடச் சண்டை திட்டத்தில் இருக்கிறது. ஒரு நடைவழி, ஒருவருக்கு எதிரே நாலு பேர், ஒரு மிரர்லெஸ் கேமரா, இரண்டு நாள் படப்பிடிப்பு. ரோப் கிடையாது, கிராஃபிக்ஸ் கிடையாது. இந்தப் படங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

---

கம்போசிங்_காளி

காசு எதற்குப் போகிறது என்று பாருங்க, பாதி புரிஞ்சிடும்.

பெரிய படத்தில் நட்சத்திரத்துக்குச் சண்டை தெரியாது, ஒத்திகைக்கு நாளும் இருக்காது. அதனால் டூப் போடுவாங்க. டூப்போட முகம் தெரியக்கூடாது, அதனால் ஷாட் அரை விநாடிக்கு மேல் நிற்காது. எந்த ஷாட் எதோட ஒட்டும் என்று முன்கூட்டி முடிவு செய்யாம மூணு நாலு கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, சண்டையை எடிட்டர் மேசையில் தேடுவாங்க. 'டேக்கன் 3' படத்தில் நாயகன் ஒரு கம்பி வேலியைத் தாண்டுவதற்குப் பத்துக்கும் மேலான கட். சாதாரண வேலி அது. தாண்டினாரா இல்லையா என்றே கண்ணுக்குப் பிடிபடாது.

சின்னப் படத்தில் முகமும் உடம்பும் ஒரே ஆளுடையது. டோனி ஜா ('ஓங் பாக்'), இக்கோ உவைஸ், ஸ்காட் அட்கின்ஸ் ('அன்டிஸ்ப்யூட்டட்') மூணு பேரும் முதலில் சண்டைக்காரர்கள். ஆகவே கேமரா பின்னால் போய், தலை முதல் பாதம் வரை ஃபிரேமுக்குள் வைத்து, அஞ்சு விநாடி அசையாம நிற்கலாம். கனம் அங்கேதான் பிறக்குது. ஒரு உதையோட பலம் தரையில் ஊன்றிய காலில் ஆரம்பிச்சு, இடுப்பு திரும்பி, அப்புறம்தான் பாதத்துக்கு வருது. ஊன்றிய கால் ஃபிரேமில் இல்லேன்னா அந்த உதைக்கு எடையே கிடையாது. இதை ஒரு விதியாகவே வைச்சுக்குங்க: உதை என்றால் இரண்டு பாதமும் தெரியணும்.

அடுத்தது எடுக்கும் முறை. ஹாலிவுட் வழக்கம், முழுச் சண்டையையும் ஒரு தூர ஷாட்டில் எடுத்துட்டு, அதையே திரும்பத் திரும்ப வேற வேற கோணத்தில் எடுப்பது. ஹாங்காங் வழக்கம் அப்படி இல்லை. 1978-ல் சீசனல் கம்பெனிக்காக யுவென் வூ-பிங் இயக்கிய 'ட்ரங்கன் மாஸ்டர்' போன்ற படங்களைப் பாருங்க. அங்கே ஃபைட் மாஸ்டர்தான் கேமரா எங்கே நிற்கணும் என்பதையும் முடிவு பண்ணுவார். இந்த ஷாட்டுக்கு ஆறு அசைவு, அதுக்குச் சரியான கோணம் ஒண்ணே ஒண்ணு. ஆறாவது அசைவு முடியும் நிலையிலிருந்து அடுத்த ஷாட் தொடங்கும். தேவையில்லாத கோணத்தை எடுக்கவே மாட்டாங்க. ஃபிலிமும் மிச்சம், ஆளோட தெம்பும் மிச்சம். அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு கிடையாது, எல்லாம் பின்னாடி டப்பிங்தான். அதனால் டேக் ஓடும்போதே மாஸ்டர் கத்திக் கணக்குச் சொல்லலாம். அந்தத் தாளம் உடம்புகளில் தெரியுது.

'தி ரெய்டு'க்கு வருவோம். இயக்குநர் கேரத் எவன்ஸ் முதலில் எடுக்க நினைத்தது இன்னும் பெரிய ஒரு படம். பணம் சேரல. அதனால் ஒரே கட்டடத்துக்குள் முடியும் கதையாக மாத்தினார். உவைஸும் யயன் ருஹியானும் சண்டைகளை அமைச்சதும், முழுச் சண்டையையும் மெத்தை போட்ட ஒத்திகை இடத்தில் சின்ன வீடியோ கேமராவில் எடுத்து, எடிட் பண்ணியே பார்த்துட்டாங்க. படப்பிடிப்பு அன்னிக்கு எந்த ஷாட் எத்தனை விநாடி என்பது முன்னாடியே தெரியும். ஒரு ஃபோனும் நாலு பாயும் இருந்தா உங்களாலும் முடியும். இரண்டு நாள் படப்பிடிப்புக்கு முன்னாடி குறைஞ்சது ஆறு நாள் இந்த வேலைக்கு ஒதுக்குங்க.

நடைவழியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. கூட்டச் சண்டையில் பெரிய ஓட்டை எதுன்னா, ஒருத்தன் அடி வாங்கும்போது மத்த மூணு பேரும் சும்மா நின்னு முறை பார்த்துக் காத்திருப்பது. திறந்த மைதானத்தில் இதை மறைக்கவே முடியாது. நாலடி அகல நடைவழியில் முதல் ஆளைத் தாண்டாம இரண்டாவது ஆள் வரவே முடியாது, அதனால் காத்திருப்புக்கு ஒரு நியாயம் கிடைச்சிடுது. லைட்டும் கம்மி, செட்டும் கம்மி. 'தி ரெய்டு' நடைவழிச் சண்டையில் உவைஸ் ஒரு கையில் தடி, மறு கையில் கத்தியோட, முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன்னு சமாளிச்சுக்கிட்டே போவார். இரண்டு பக்கச் சுவரும் அவருக்கு ஆயுதம். கடைசி ஆளைப் பிடிச்சுப் பின்பக்கமா விழுந்து, உடைஞ்ச கதவோட கூரான விளிம்பில் அவன் கழுத்தை இறக்குவார். அந்தக் கதவு விளிம்பு இல்லாம அந்த அடி இல்லை. இடத்திலிருந்து சண்டையை எடுக்கணும், சண்டையை யோசிச்சிட்டு இடம் தேடக்கூடாது. உங்க நடைவழியில் என்னென்ன இருக்கு என்று முதலில் எழுதுங்க: மீட்டர் பெட்டி, செருப்பு ஸ்டாண்டு, கிரில் கேட், தண்ணி கேன்.

---

எடிட்_மேசை

காளி சொன்னதோடு கேமரா, எடிட்டிங் கணக்கைச் சேர்க்கிறேன்.

கோணம். குத்தும் கையும் முகமும் பக்கவாட்டில் தெரிந்தால் நடுவில் இருக்கும் இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். கேமரா அடிக்கிறவரின் தோளுக்குப் பின்னால் அல்லது வாங்குகிறவரின் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போது கை முகத்துக்கு அரை அடி தள்ளிப் போனாலும் பட்ட மாதிரியே இருக்கும். கை முகத்தை நோக்கி நேராக வராமல் கேமராவுக்குக் குறுக்கே இடமிருந்து வலமாகக் கடக்க வேண்டும். தலை அதே திசையில் திரும்ப வேண்டும். புதியவர்கள் பலரும் தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள். குத்தின் திசையும் தலையின் திசையும் வேறானால், கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் காட்சி பொய்யாகிவிடும்.

லென்ஸ். முகத்துக்கு வரும் அடிகளுக்கு 50 முதல் 85 எம்.எம். லென்ஸ். ஃபோகல் லெங்த் (அந்த எம்.எம். எண்) கூடினால் ஆழம் சுருங்கும், இடைவெளி மறையும். முழு உடம்பு ஷாட்டுக்கு 28 அல்லது 35 எம்.எம். அதைவிட அகலமாகப் போனால் ஓரத்தில் இருப்பவரின் கை கால் இழுபடும். வேகமும் செயற்கையாகக் கூடும்.

வேகம். ஹாங்காங் படங்களில் கேமராவை விநாடிக்கு 22 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓட்டி, 24-ல் திரையிடுவார்கள். வேகம் 9 சதவீதம் கூடும். 21 ஃபிரேம் என்றால் 14 சதவீதம், 20 என்றால் 20 சதவீதம். 22 வரை கண்ணுக்குத் தெரியாது. 20-க்கு வந்தால் தலைமுடியும் துணியும் காட்டிக்கொடுத்துவிடும்: சட்டை நுனி துடிக்கும், தூசி கல் மாதிரிக் கீழே விழும். உங்கள் மிரர்லெஸில் 22 ஃபிரேம் வசதி இல்லையென்றால் 24-ல் எடுத்து எடிட்டில் 106 முதல் 109 சதவீதம் வரை கூட்டுங்கள். 109 சதவீதத்தில் 12 ஃபிரேமுக்கு ஒன்று காணாமல் போகும். அது அடி படும் ஃபிரேமாக இருந்துவிட்டால் அடியே போய்விடும், அதைக் கண்ணால் சரிபாருங்கள். முழுச் சண்டைக்கும் ஒரே வேகத்தைப் போடாதீர்கள். நடப்பது, மூச்சு வாங்குவது, முறைத்துப் பார்ப்பது எல்லாம் சாதாரண வேகத்தில் இருந்தால்தான் அடிகள் வேகமாகத் தெரியும்.

ஷட்டர். நடைவழியில் டியூப் லைட் இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். 1/60, 1/125 போனால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 1/100 வைத்தால் கை கால் கூர்மையாகத் தெரியும், அடிக்கு ஒரு நறுக்கென்ற தன்மை வரும். ஆனால் வெளிச்சம் பாதியாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். விலை குறைந்த எல்இடி பட்டைகள் எந்த ஷட்டரிலும் துடிக்கலாம். முந்தின நாளே போய் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள்.

கட். அடி படும் கணத்தில் ஷாட் மாறும்போது, இரண்டு ஷாட்டையும் துல்லியமாக ஒட்டினால் ஒரு துண்டு குறைந்த மாதிரி இருக்கும். கண்ணுக்குப் புது ஷாட்டைப் புரிந்துகொள்ள 2, 3 ஃபிரேம் ஆகும், அதற்குள் அடி முடிந்துவிடும். ஆகவே இரண்டாவது ஷாட்டை 2 முதல் 4 ஃபிரேம் முன்னாலிருந்து தொடங்குங்கள். அதாவது, கை கொஞ்சம் பின்னால் போய் மறுபடி வருகிறது. காகிதத்தில் தப்பு; கண்ணுக்குச் சரி. ஜாக்கி சான் படங்களில் பெரிய அடிகளில் இதை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கலாம்.

இன்னொன்று, நிறுத்தம். ஆறு அசைவு, ஒரு நிறுத்தம்; நாலு அசைவு, ஒரு நிறுத்தம். ஹாங்காங் சண்டைகளின் தாளம் இதுதான். பீக்கிங் ஆப்பரா என்ற சீன இசை நாடகப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் அது. அடித்து முடித்ததும் அரை விநாடி உடம்பு உறையும், கண் நேராகப் பார்க்கும், பிறகு மறுபடி வெடிக்கும். நிறுத்தமே இல்லாத சண்டை முப்பது விநாடியில் சலித்துவிடும்.

---

மேட்னி_மங்கை

இங்கே ஒரு மறுப்பு. பட்ஜெட் குறைந்தாலே சண்டை நல்லா வரும் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. குறைந்த செலவில் வந்த மோசமான சண்டைப் படங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

80களில் ஹாங்காங்கில் ஐஎஃப்டி கம்பெனிக்காக காட்ஃப்ரி ஹோ எடுத்த நிஞ்சா படங்களைப் பாருங்கள். ஆசிய நாடுகளில் எடுத்த வேறு ஏதோ ஒரு படத்தின் உரிமையை வாங்குவார்கள். ரிச்சர்ட் ஹாரிசன் மாதிரி ஒரு மேற்கத்திய நடிகரை வைத்துச் சில நிஞ்சாக் காட்சிகளைப் புதிதாக எடுப்பார்கள். இரண்டையும் டப்பிங்கில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டுவதற்கான பசை பெரும்பாலும் டெலிஃபோன். இந்தப் படத்து ஆள் அந்தப் படத்து ஆளுக்கு ஃபோன் செய்தால் இருவரும் ஒரே கதையில் இருப்பதாக ஆகிவிடும். 'நிஞ்சா டெர்மினேட்டர்' (1985) படத்தில் அந்த ஃபோன் கார்ஃபீல்ட் பூனை வடிவத்தில் இருக்கும். அந்தப் படங்களுக்கும் ஒரு கவர்ச்சி உண்டு, ஆனால் அது வேறு வகை. அடுத்த காட்சி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் கணிக்க முடியாது என்பதே அதன் சுவை. சண்டையின் கனத்துக்காக யாரும் அதைப் பார்ப்பதில்லை.

சரி, கனம் எங்கிருந்து வருகிறது? காளி சொன்ன "ஊன்றிய கால்" நூற்றுக்கு நூறு சரி. அதோடு, அந்த உடம்புக்கு ஒரு நிலைமை வேண்டும். 'அன்டிஸ்ப்யூட்டட் 3' இதற்கு நல்ல பாடம். முந்தைய பாகத்தின் முடிவில் போய்கா என்ற சிறைச் சண்டைக்காரனின் முழங்கால் உடைக்கப்படுகிறது. மூன்றாம் பாகத்தில் அதே காலோடு அவன் போட்டிக்குத் திரும்புகிறான். லார்னெல் ஸ்டோவால் அமைத்த சண்டைகள் அந்த முழங்காலை மறப்பதே இல்லை. எதிரி அதைக் குறிவைக்கிறானா, போய்கா அதைக் காப்பாற்றுகிறானா, எந்த உதைக்கு அதை நம்புகிறான் என்று நம் கண் அங்கேயே போகும். வசனம் ஒரு வரி தேவையில்லை. இயக்குநர் ஐசக் ஃப்ளோரன்டைன் கேமராவைத் தள்ளி வைத்து அந்தக் காலை முழுசாகக் காட்டுகிறார்.

'தி ரெய்டு'வில் மேட் டாக் என்ற பாத்திரமும் அப்படித்தான். கையில் துப்பாக்கி இருக்கும்போதே அதை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் சண்டைக்கு அழைப்பான். அந்த ஒரு செயலிலேயே அவன் யாரென்று முழுசாகத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் கட்டிவைத்தவனை அவிழ்க்க விட்டு, இரண்டு பேரோடும் ஒரே நேரத்தில் மோதுவான். அவனாக நடித்த யயன் ருஹியான் உருவத்தில் சிறியவர். அந்தச் சின்ன உடம்பு தளராமல் திரும்பத் திரும்ப எழுவதுதான் அந்தக் காட்சியின் பயம். உங்கள் நாலு பேரில் எல்லோரும் ஒரே மாதிரி அடித்தால் யார் யாரென்று நினைவில் நிற்காது. ஒருத்தர் அவசரக்காரர், ஒருத்தர் இடது கைக்காரர், ஒருத்தர் பயந்தவர், ஒருத்தர் கடைசி வரை கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பவர் என்று பிரித்துவிடுங்கள்.

"நிஜமா அடிக்கிறாங்க" பற்றி ஒரு வார்த்தை. 'ஓங் பாக்' ரோப் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை என்று சொல்லியே விற்ற படம். பாங்காக் சந்தில் டோனி ஜா கம்பிச் சுருளுக்குள் பாய்ந்து வெளியே வருவதையும், காருக்கு அடியில் காலை விரித்துச் சறுக்குவதையும் வேறு கோணத்தில் மறுபடியும் காட்டுவார்கள். கதை ஓட்டத்துக்கு அது தடைதான், ஆனாலும் தேவைப்பட்டது. நிஜம் என்பதற்கான சாட்சி அது. 'டாம் யம் கூங்' (2005) படத்தில் படிக்கட்டு வழியே மாடி மாடியாக ஏறிப் போகும் ஒரே ஷாட் சுமார் 4 நிமிடம் ஓடும். 35 எம்.எம். ஃபிலிமில் 400 அடி ரோல் 24 ஃபிரேமில் 4 நிமிடம் 26 விநாடிதான் வரும், அந்த எல்லையை ஒட்டியே போகிறார்கள். இந்த இரண்டு படங்களையும் எடுத்த பிரச்யா பின்கேவ் இயக்கிய 'சாக்லேட்' (2008) படத்தின் முடிவில் நடிகை ஜீஜா யானினும் ஸ்டண்ட் குழுவும் காயப்பட்ட காட்சிகள் ஓடும். அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். சண்டைப் பயிற்சியாளர் பன்னா ரிட்டிக்ராயிடம் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். அப்படியும் அடிபட்டது.

---

ரீல்_ராசா

மூன்று பேருக்கும் நன்றி. நடைவழியில் ஒரு பழைய மர மேஜையும் ஒரு கண்ணாடி ஜன்னலும் இருக்கின்றன. இரண்டையும் உடைக்கலாமா? எப்படி? இன்னொன்று, முக்கிய வேடத்தில் நடிப்பவருக்குச் சண்டைக் கலை தெரியாது, பரதம் தெரியும். அது உதவுமா?

---

டம்மி_கண்ணாடி

நிஜக் கண்ணாடியைத் தொடவே தொடாதீங்க. ஆள் மேல பட்டா மட்டுமில்ல, தரையில் கிடக்கும் சில்லும் அடுத்த டேக்கில் உருளும்போது குத்தும். சீனிப்பாகில் செய்யும் டம்மி கண்ணாடி மழைக்கால ஈரப்பதத்துக்கும் லைட் சூட்டுக்கும் பிசுபிசுன்னு ஆகி வளையும், உடையாது. காலையில் செஞ்சா அன்னிக்கே உபயோகிக்கணும். ரெசின்ல செஞ்சு விற்கிற பாட்டில், தகடு கிடைக்குது. விலை அதிகம், ஒரு டேக்குக்கு ஒண்ணு போகும். உங்க பட்ஜெட்டுக்கு இரண்டு பாட்டில் போதும், ஜன்னலை விட்டுடுங்க. டம்மி பாட்டிலையும் முகத்துல அடிக்கக் கூடாது. முதுகு, தோள், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு.

மேஜை உடைக்கலாம். பழைய மேஜையோட மேல் பலகையைக் கழட்டிட்டு மெல்லிசான பலகை போடுங்க. அடிப்பக்கத்தில் நடுவுல குறுக்கா ரம்பம் போட்டு, மேல 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வையுங்க. ஆணி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. கால்களை பசையால லேசா ஒட்டினா போதும். உடையும்போது மேஜைக் கால் மேல் நோக்கித் திரும்பி நின்னா ஆபத்து, அதனால் கால்கள் வெளிப்பக்கம் சாயற மாதிரி முன்னாடியே கொஞ்சம் சரிச்சு வையுங்க. ஆள் விழாம, அதே எடை மணல் மூட்டையைப் போட்டு ஒரு மேஜையை உடைச்சுப் பாருங்க. ஆக மொத்தம் மூணு பலகை வேணும்: சோதனைக்கு ஒண்ணு, டேக்குக்கு ஒண்ணு, தப்பினா ஒண்ணு.

பேடிங்: முழங்கால், முழங்கை, இடுப்பு எலும்பு, முதுகுத் தண்டு. சட்டைக்கு உள்ளே மெல்லிய பேடு போட்டா வெளியே தெரியாது, கொஞ்சம் தொளதொளன்னு சட்டை போடணும். அரைக்கைச் சட்டையில முழங்கை பேடு தெரியும், உடைய முடிவு பண்ணும்போதே இதை யோசிங்க. விழும்போது கையை ஊன்றினா மணிக்கட்டு போயிடும். தாடையை நெஞ்சில் ஒட்டி, தோள் பக்கம் உருண்டு விழணும். இதை ஒரு ஸ்டண்ட் ஆள் நேர்ல வந்து கத்துத் தரணும், எழுத்தில் படிச்சுச் செய்யற வேலை இல்ல. உயரத்திலிருந்து விழற ஷாட் எதுவும் வேணாம்.

அடி தெரியறதுக்கு ஒரு மலிவான வழி: சட்டையில முல்தானி மிட்டித் தூள் கொஞ்சம் தட்டி வையுங்க. உதை படும் இடத்தில் புகை மாதிரி தூசி கிளம்பும். பழைய ஹாங்காங் படங்கள்ல சட்டையிலிருந்து தூசி பறக்குமே, அது இந்த வேலைதான். பின்பக்கம் லைட் இருந்தாதான் தூசி தெரியும். மைதா, கோதுமை மாவு போடாதீங்க. வேர்வையில பசையாகிடும், பக்கத்துல நெருப்பு ஏதாவது இருந்தா காற்றில் பறக்கும் மாவு பத்திக்கும். முகத்துக்கு மேல தூவவே கூடாது.

துப்பாக்கி இருந்தா பொம்மைதான். 'தி ரெய்டு'லயே ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத்) துப்பாக்கிதான், குண்டு வெடிக்கிற ஒளி பின்னாடி கம்ப்யூட்டர்ல சேர்த்தது. உகாண்டாவுல வகாலிகா பகுதியில ஐசக் நப்வானா குழு 'ஹூ கில்ட் கேப்டன் அலெக்ஸ்' (2010) படத்தை 200 டாலருக்கும் கம்மியா முடிச்சதா சொல்றாங்க. ஆணுறைக்குள்ள சாய ரத்தம் நிரப்பி, நூலால இழுத்து உடைச்சு, குண்டடி காட்டினாங்க. வெடிமருந்து இல்ல, யாருக்கும் ஆபத்து இல்ல. நம்ம காசுக்கு இந்த மாதிரி யோசனைதான் சரி.

---

கம்போசிங்_காளி

பரதம் தெரியும்னா பாதி வேலை முடிஞ்சது. மிஷேல் யோ முறையா கற்றது பாலே நடனம். 1985-ல் 'யெஸ், மேடம்' படத்தில் கோரி யுவென் அவரை வைச்சு எடுத்த சண்டைகளைப் பாருங்க. நடனக்காரருக்குக் கணக்கு தெரியும், கோடு தெரியும், சொன்ன இடத்தில் நிற்கத் தெரியும். அரைமண்டியில் நிற்கத் தெரிஞ்சவருக்குத் தரையோட ஒட்டு தானா வந்திடும்.

தெரியாதது இரண்டு. ஒண்ணு, பரதத்தில் அசைவு முடியும் இடத்தில் கை அழகா நிலைக்கும். குத்து அப்படி முடியக்கூடாது, பட்டதும் உடனே திரும்ப வரணும். இரண்டு, பார்வை. நடனத்தில் கண் கையைப் பின்தொடரும். சண்டையில் கண் எதிராளியோட நெஞ்சை விட்டு நகரக்கூடாது. கையைப் பார்த்தா "மனப்பாடம் பண்ணி ஆடறாங்க" என்று உடனே தெரிஞ்சிடும். இந்த இரண்டுக்கு மட்டும் இரண்டு நாள் கொடுங்க.

சண்டை மொத்தம் 40 அசைவுக்கு மேல் வேண்டாம். ஷாட்டுக்கு 4 முதல் 6. முதலில் பாதி வேகம், அடுத்து முக்கால், முழு வேகம் கடைசியில். முக்கால் வேகத்தில் மூணு முறை தப்பில்லாம வந்த பிறகுதான் முழு வேகம். அடிக்கிறவரை விட வாங்குகிறவருக்கு அனுபவம் இருக்கணும். இதைப் பலர் தலைகீழா செய்யறாங்க. ஒரு சாதாரண குத்தை, நல்லா வாங்கத் தெரிஞ்சவர் இடி மாதிரி காட்டிடுவார். ஒரு ஸ்டண்ட் ஃபைட்டரை மட்டும் கூலிக்கு அழைக்க முடியும்னா, அவரை நாயகனுக்கு டூப்பா போடாதீங்க, அதிக அடி வாங்கும் ஆளா போடுங்க.

---

ஒலிக்கூடம்

சத்தத்தை யாரும் சொல்லவில்லை. கனத்தில் பாதி காதில்தான் இருக்கிறது. ஒரு சண்டையின் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், அதே உதை பஞ்சு மாதிரி இருக்கும்.

ஒரு அடிக்கு மூன்று அடுக்கு வையுங்கள். கை காற்றைக் கிழிக்கும் ஒலி, அடிக்கு 3, 4 ஃபிரேம் முன்னால் தொடங்க வேண்டும். அடுத்து உடம்பில் படும் மொத்தென்ற ஒலி: தலையணைக்கு மேல் தோல் ஜாக்கெட் போட்டுக் கட்டையால் அடித்தால் கிடைக்கும். மூன்றாவது கூர்மையான நறுக்: முட்டைக்கோஸ் தண்டு அல்லது செலரியை மைக்குக்கு அருகே முறித்தால் எலும்பு ஒலி. மூன்றாவதை எல்லா அடிக்கும் போடாதீர்கள். 40 அடியில் நான்கு, ஐந்துக்கு மட்டும் வைத்தால் அந்த அடிகளுக்கு மட்டும் பார்ப்பவர் முகம் சுளிப்பார். இணையத்தில் கிடைக்கும் ஒரே "டிஷ்யூம்" கோப்பை நாற்பது முறை ஒட்டுவது பெரிய தவறு. இரண்டாவது முறையிலேயே காது கண்டுபிடித்துவிடும். குறைந்தது எட்டு வேறு வேறு ஒலி பதிவு செய்யுங்கள்.

மூச்சை மறக்காதீர்கள். எடிட் முடிந்தபின் நடிகர்களை அழைத்து மூச்சு, முனகல், பல்லைக் கடிக்கும் ஒலி எல்லாம் தனியாகப் பதியுங்கள். பதிவதற்கு முன் அவர்களை இருபது முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், அப்போதுதான் மூச்சு உண்மையாக வரும். பின்னணி இசையை அடிகளுக்குக் கீழே தாழ்த்துங்கள். நடைவழியில் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அமைதியாக்கி ஒரு நிமிடம் வெறும் அறை ஒலியைப் பதிவு செய்து வையுங்கள். நிறுத்தம் வரும் அரை விநாடிகளில் அதுதான் நிற்கும்.

---

ரீல்_ராசா

மேஜை மட்டும் உடைகிறது, ஜன்னல் வேண்டாம். கடைசியாக ஒன்று: இரண்டு நாளில் எதை எப்போது எடுப்பது?

---

கம்போசிங்_காளி

முதல் நாள் காலையில் முழு உடம்பு ஷாட்டுகள், தெம்பு இருக்கும்போதே. ஒரு நாளைக்கு 14, 15 ஷாட்டுக்கு மேல் போடாதீங்க. கதை வரிசையிலேயே எடுத்தா வேர்வை, அழுக்கு, கிழிசல் எல்லாம் தானா ஒட்டும். வரிசை மாறினா ஒவ்வொரு ஷாட்டுக்கும் முகம், சட்டையை ஃபோட்டோ எடுத்து வையுங்க. ஒரே ஷாட் எட்டு டேக்கைத் தாண்டினா நிறுத்துங்க. களைப்பில் தூரம் குறையும், அரை அடி இடைவெளி கால் அடியாகும், அப்போதான் மூக்கு உடையும். அசைவைச் சுலபமாக்குங்க, இல்லேன்னா ஷாட்டை இரண்டாப் பிரிங்க.

மேஜை உடைவது இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல். அது உடைஞ்சா நடைவழி முழுக்கச் சிதறல், திரும்பிப் போக முடியாது. விழும் ஆளுக்கும் அன்னிக்கு அதுதான் கடைசி ஷாட்டா இருக்கணும், வலிச்சாலும் அவர் வீட்டுக்குப் போயிடலாம். தண்ணி, ஐஸ் பை, முதலுதவிப் பெட்டி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி, அதை ஓட்ட சண்டையில் இல்லாத ஒரு ஆள், இதெல்லாம் இரண்டு நாளும் அங்கேயே இருக்கணும். தரையில் வேர்வை விழும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் துடைக்க ஒருத்தருக்கு அதை மட்டுமே வேலையாக் கொடுங்க.

கடைசி ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்க. அதில் சின்னத் துண்டுகள்: பாதம் திரும்புவது, விரல் மடங்குவது, சுவரைப் பிடிக்கும் கை, விழுந்தவன் கண். ஒவ்வொண்ணும் மூணு விநாடி. எடிட் பண்ணும்போது இரண்டு ஷாட் ஒட்டாம போகும் இடத்தில் இதில் ஒண்ணுதான் கைகொடுக்கும். பன்னிரண்டு துண்டாவது எடுங்க.